திரேஸ்புரத்தில் நான் நிறுத்திவைத்த குழாயடிச் சண்டை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து கேட்டபோது, என் சாதனைகளை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். என் சாதனைகளைக் கேட்டு இதுவரை யாரும் திருந்தியதில்லை. தூங்கியிருக்கிறார்கள். ஆகவே நான் செய்த முட்டாள்தனங்களிலேயே பெரியதை எழுதுகிறேன். தூக்கம் வராது.

உங்களில் ஒரு பெண் போன வாரம் என்னிடம் கேட்டாள்: "சமூக சேவைக்கு வந்த நாங்க எதுக்கும்மா சமூகவியல் படிக்கணும்? நல்ல மனசு இருந்தாப் போதாதா?" கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அந்த வயதில் நல்ல மனசு நிறையவே இருந்தது. அந்த மனசை வைத்துக்கொண்டுதான் ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் அவள் வயிற்றில் இருந்ததையும் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆறுமுகநேரியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. நான் பம்பாய்க்குப் போய் சமூக சேவைப் படிப்பு முடித்துவிட்டு வந்திருந்தேன். அது என்ன படிப்பு என்று அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "பாப்பா ஊருக்கு நல்லது செய்யப் படிச்சிருக்கா" என்பார். "அதுக்கு பம்பாய் போவணுமா அண்ணாச்சி?" என்று அவர்கள் கேட்டால், புளியை நிறுக்கத் தொடங்கிவிடுவார்.

தூத்துக்குடியில் ஒரு நலக் கமிட்டி என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. கமிட்டியின் செயலாளர் யுத்த காலத்தில் பட்டாளத்துச் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். பீப்பாய்களை அடுக்குவதுபோல மனிதர்களையும் அடுக்கிவிடலாம் என்று நம்புகிறவர். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. திரேஸ்புரத்தில் மீனவர் தெரு ஒன்றை என் பொறுப்பில் விட்டார். தெரு முனையிலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். என் மூக்குக்கண்ணாடியையும் குடையையும் நோட்டையும் பார்த்துவிட்டு, அந்தத் தெரு என்னை டீச்சரம்மா ஆக்கிவிட்டது. நான் ஒரு பாடமும் நடத்தவில்லை என்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்து நான்கு வீட்டுக்கு ஒரே குழாய். காலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரைதான் தண்ணீர் வரும். பெண்கள் முந்தின நாள் சாயங்காலமே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். குடத்துக்கு வழியில்லாதவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையோ கல்லோ வைப்பாள். எது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில் தண்ணீர் வருவதற்கு முன்பே சண்டை வந்துவிடும். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஆள் இருந்ததால், நான் என் ஜன்னலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். பம்பாயில் 'கவனித்தல்' என்று எங்களுக்கு ஒரு தனிப் பாடமே உண்டு.

சண்டையில் முதல் குரல் அந்தோணியம்மாளுடையது. மீன் விற்கிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும், நெளிந்த பித்தளைக் குடத்துக்குச் சொந்தக்காரி. ஒரு நாள் சண்டை இப்படிப் போயிற்று.

"எவளா எங் கொடத்தைத் தள்ளி வச்சது?"

"ஒங் கொடத்துக்குக் காலு மொளைச்சு அதுவே போயிருக்கும்."

"ஒங்க மாமியா கண்ணு பட்டா மொளைக்கத்தான் செய்யும்."

"எங்க மாமியாவ இழுக்காத! அவளே ரெண்டு நாளா வயித்தோட்டத்துல கெடக்கா."

"வயித்தோட்டமா? அத மொதல்ல சொல்ல மாட்டியாளா? எங்கிட்ட மாதுளந்தோல் கெடக்கு, வந்து வாங்கிட்டுப் போ. ஆனா கொடத்தப் பின்னால வை!"

நான் என்ன எழுதிக்கொண்டேன் தெரியுமா? 'குடத்தை நகர்த்திய தகராறு. மாமியாரை இழிவாகப் பேசுதல்.' மாதுளந்தோலை எழுதவில்லை. அது சண்டையில் சேராது என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கவனித்துவிட்டு மருந்தோடு வந்தேன். குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. அதில் வீட்டுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு தகர வில்லை, வில்லைக்கு ஒரு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் ஐந்து நிமிஷம். தண்ணீர் பிடித்தவள் தன் வில்லையை வெள்ளைப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கமாகத் திருப்பிவிட்டுப் போகவேண்டும். நான் எட்டு மணிக்கு வந்து கணக்கெடுத்து, எல்லாவற்றையும் மறுபடி வெள்ளையாக்குவேன். மணி பார்ப்பதற்காக என் அலாரம் கடிகாரத்தை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்துச் சுவரில் மாட்டினேன். இனி வரிசை இல்லை, குடத்தைப் போட்டு வைக்கவேண்டியதில்லை, ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கவேண்டியதுமில்லை.

சண்டை நின்றது. அப்படியே, சுவிட்சை அணைத்ததுபோல நின்றது. அவரவர் நேரத்துக்கு வந்தார்கள், பிடித்தார்கள், திருப்பினார்கள், போனார்கள். செயலாளர் வந்து பார்த்து, பலகையைத் தட்டிக்கொடுத்தார். என்னைத் தட்டிக்கொடுக்க முடியாதே, அதனால் பலகையை. சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவரைக் கூட்டிவந்து இந்த அமைதியைக் காட்டப்போவதாகவும் சொன்னார்.

இரண்டாவது வாரம் நாலு ஆண்கள் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் அந்தோணியம்மாளின் புருஷன் மிக்கேல். புயலில் பாய் இறக்காதவர் என்று பெயர் எடுத்தவர்.

"டீச்சரம்மா, நல்லாருப்பிய. அந்தத் தகரத்த எடுத்துருங்க."

"ஏன், தண்ணீர் சரியாகக் கிடைக்கவில்லையா?" என்றேன். பம்பாய்க்குப் போய் வந்ததிலிருந்து நான் கஞ்சி போட்ட தமிழ்தான் பேசுவேன்.

"தண்ணி கெடைக்குது. முன்னல்லாம் மனசுல உள்ளத எல்லாம் குழாயடியில கொட்டிட்டு வெறுமன வருவா. இப்ப கொட்டுறதுக்கு அங்கன ஆள் இல்ல. அப்படியே கொண்டாந்து வீட்டுல கொட்டுதா. நான் கடலுக்குப் போயித்தாம்மா தூங்குதேன்."

மற்ற மூவரும் கண் கலங்கத் தலையாட்டினார்கள். நான் அவர்களுக்குக் குடும்ப ஒற்றுமை பற்றி அரைமணி நேரம் பேசினேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு நேரே கடலுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இன்னொரு கூத்து. தெருவில் ஒரு வீட்டில் ஞானஸ்நான விருந்து, இன்னொரு வீட்டில் நிச்சயதார்த்தம். தெருவுக்கே ஒரே பெரிய அண்டா, ஒரே சமையல்காரர். இரண்டு வீட்டாரும் அண்டாவையும் ஆளையும் சொல்லிவைத்திருந்தார்கள்; சமையல்காரர் இரண்டு முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு மூச்சுக்காட்டவில்லை. ஒரு வீட்டுக்கு இன்னொரு வீட்டு விசேஷம் தெரியாது. குழாயடிச் சண்டை இருந்திருந்தால் பத்து நாள் முன்பே வெட்ட வெளிச்சமாகியிருக்கும். கடைசியில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் ஞானஸ்நானச் சோற்றைத் தின்றார்கள். நான் நோட்டில், 'அறிவிப்புப் பலகை ஒன்றும் வைக்கலாம்' என்று எழுதினேன். பலகைப் பைத்தியம்.

இப்போது செசிலியைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபது வயது. புருஷன் கொழும்புக்குப் போகிற தோணியில் வேலை பார்த்தான், போனால் வர வாரக்கணக்காகும். எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. கடற்கரைப் பக்கமாகத் தெருவின் கடைசியில், கொஞ்சம் தள்ளி இருந்த குடிசையில் தனியாக இருந்தாள். சண்டை போடவே தெரியாதவள். முன்பெல்லாம் தன் மண்குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஓரமாக நிற்பாள். அவளுக்கும் சேர்த்து அந்தோணியம்மாள்தான் சண்டை போடுவாள். இருவருக்கும் ஒரு உறவும் கிடையாது, சண்டைக்கு ஒரு காரணம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்றுதான். என் பலகையில் செசிலி பதினேழாம் நம்பர். அந்தோணியம்மாள் இரண்டு. அவள் பிடித்துவிட்டு மீன் ஏலத்துக்குப் போய்விடுவாள், செசிலியின் நேரத்துக்கு அங்கே இருக்கமாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை எட்டு மணிக்கு நான் பார்த்தபோது பதினேழு வெள்ளையாகவே தொங்கியது. 'தண்ணீர் மீதம்' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமையும் வெள்ளை. அன்றைக்கு நான் எழுதியதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை: 'மக்களிடையே சிக்கனம் பரவுகிறது.'

எழுதி முடித்துப் பேனாவை மூடுவதற்குள் அந்தோணியம்மாள் வந்து நின்றாள். அன்றைக்கு ஏலம் தாமதம், அதனால் ஊரில் இருந்தாள்.

"டீச்சரம்மா, ஒரு நியாயம் கேக்க வந்தேன். அந்தப் பதினேழாம் நம்பர் நேரத்த எனக்குத் தாங்க. இன்னிக்குக் குழாய் சும்மா கெடந்தத எங் கண்ணால பாத்தேன்."

"அது செசிலியின் நேரம். ஒருவர் நேரத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது."

"அவதான் பிடிக்கலியே? எம் மூணாவது கொடம் காஞ்சு கெடக்கு."

"பிடிக்காவிட்டால் அதற்குப் பெயர் சிக்கனம். நேற்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. நீயும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

"நேத்துமா?"

"நேற்றும்தான்."

அந்தோணியம்மாள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சண்டைக்கு வந்த முகம் அப்படியே மாறிப்போயிற்று.

"வாயும் வயிறுமா இருக்கவ ரெண்டு நாளாத் தண்ணி பிடிக்காம எப்படிம்மா இருப்பா?" என்றாள்.

பம்பாயில் யாரும் என்னிடம் அவ்வளவு சின்னக் கேள்வியைக் கேட்டதில்லை. இருவரும் ஓடினோம்.

செசிலி பாயில் கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. உதடு வெடித்திருந்தது. குடம் கவிழ்ந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"எந் நேரம் தப்பிப்போச்சு டீச்சரம்மா. மன்னிச்சுக்கிடுங்க" என்றாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. ஆபீசுக்குப் போய், செயலாளரிடம் சீட்டு எழுதி வாங்கி, ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லி என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். அந்தோணியம்மாள் செசிலியின் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பிறகு வாசலுக்குப் போய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"எவளா எங் கொடத்தை எடுத்தது? பேதியில போவா! வெளிய வாங்களா, இன்னிக்கு ஒரு கை பாத்துருதேன்!"

யாரும் எந்தக் குடத்தையும் எடுக்கவில்லை. ஆனால் தெருவில் ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்தது. ஒருத்தி சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு வந்தாள். ஒருத்தி பாதி செதில் எடுத்த மீனோடு வந்தாள். மிக்கேல் தூக்கத்திலிருந்து எழுந்து, இடுப்பில் நழுவிய சாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். மூன்று வாரமாகச் சண்டையில்லாமல் காய்ந்து கிடந்த தெரு. 'உதவி, உதவி' என்று நான் கத்தியிருந்தால் டீச்சரம்மா ஏதோ பாடம் நடத்துகிறாள் என்று விட்டிருப்பார்கள்.

"சண்ட பெறவு. செசிலிக்கு முடியல. தூக்குங்க" என்றாள் அந்தோணியம்மாள்.

இரண்டு துடுப்பில் ஒரு பாய்த்துணியைக் கட்டினார்கள். ஆஸ்பத்திரிவரைக்கும் ஓட்டமும் நடையுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி செசிலி புருஷன் வேலை பார்க்கிற தோணிக்காரர் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனாள், ஒருத்தி மாதா கோயில் சாமியாரைக் கூப்பிடப் போனாள், ஒருத்தி வழியெல்லாம் துணியை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே வந்தாள். யாரும் யாரிடமும் நம்பர் கேட்கவில்லை. நான் செசிலிக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இன்னும் ஒரு பகல் போயிருந்தால் இரண்டு உயிரும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தோணியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழுது தண்ணியச் செலவழிக்காதிய. பெறவு அத எந்த நோட்டுல எழுதுவிய?" என்றாள்.

எனக்கு எதில் அதிக வெட்கம் தெரியுமா? இதெல்லாம் எனக்குத் தெரியும். பம்பாயில் பரீட்சையில் கேட்டிருந்தார்கள். ஒரு சமூகத்தில் ஒரு பழக்கம் வெளியே தெரிகிற வேலையைத் தவிர வேறு என்னென்ன வேலைகளைச் செய்யும் என்று கேள்வி. நான் மூன்று பக்கம் எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினேன். ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு சடங்கை உதாரணம் காட்டினேன். கண்ணுக்கு முன்னால் இருந்த குழாயடியை உதாரணமாக நினைக்கத் தோன்றவில்லை. வரிசையில் ஒரு குடம் இல்லாவிட்டால் "இது எவ எடம், ஏன் காலியாக் கெடக்கு?" என்று யாராவது ஒருத்தி கத்துவாள். இன்னொருத்தி போய்க் கதவைத் தட்டுவாள். அந்தத் தெருவுக்கு நர்சு, தபால்காரர், கல்யாணத் தரகர் எல்லாம் அந்தச் சண்டைதான். நான் அதை ஒழுங்கீனம் என்று ஒரு சொல்லில் எழுதி, ஆணியில் மாட்டிவிட்டேன். புத்தகத்தில் தப்பில்லை பிள்ளைகளே. புத்தகத்தைப் பரீட்சை எழுதின மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தவள் நான்.

மறுநாள் சனிக்கிழமை. பலகையைக் கழற்றப்போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். அவருக்கு வியர்த்துவிட்டது. சென்னைப் பெரிய மனிதர் திங்கட்கிழமை காலையில் வருகிறார்.

"திங்கட்கிழமை மத்தியானம் கழற்றுங்கள். நடுவில் இரண்டே காலைதானே?" என்றார்.

செசிலி கிடந்ததும் இரண்டே காலைதான். போய்ச் சுத்தியலால் ஆணியைப் பிடுங்கினேன். பிடுங்கும்போது கட்டைவிரலையும் நசுக்கிக்கொண்டேன். இதற்காக வேலை போனாலும் அப்பாவின் கடையில் புளி நிறுக்கலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஒரு பழக்கத்தைப் பிடுங்குவது சுலபம், திரும்ப நடுவது சுலபமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடங்கள் வரிசைக்கு வந்தன. பெண்களும் வந்தார்கள். நான் ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க மொதல்ல பிடிங்க மைனி."

"ஐயோ, இருக்கட்டும். நீங்க பிடிங்க."

மூன்று வாரம் ஒருத்தியோடு ஒருத்தி பேசாமல் இருந்ததில் எல்லாருக்கும் கூச்சம் வந்திருந்தது. அந்தோணியம்மாள்கூட மரியாதையாக நின்றாள், பார்க்கவே பயமாக இருந்தது. "தயவுசெய்து பழையபடி சண்டை போடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். எல்லாரும் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். சொல்லிச் சண்டை வருமா?

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் எனக்கென்று ஒரு குடம் வாங்கினேன். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக அந்தோணியம்மாளின் நெளிந்த குடம் இருந்தது. எல்லாரும் பார்க்க, அதைக் காலால் தள்ளிவிட்டு என் குடத்தை வைத்தேன்.

அந்தோணியம்மாள் ஆரம்பித்தாள். "படிச்ச திமிரா?" என்றுதான் தொடங்கினாள். பிறகு என் கண்ணாடி, என் குடை, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கான காரணங்கள். நான் பம்பாய்த் தமிழில் பதில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஆறுமுகநேரித் தமிழ் தானாக வந்தது. "ஓட்டைக் கொடத்த வச்சிக்கிட்டு என்னளா பேச்சு?" என்று நான் கத்தியதும் தெரு முழுக்க உயிர் வந்தது. எனக்கு ஆதரவாக நாலு பேர், எதிராகப் பத்தொன்பது பேர். யாரோ ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் யார் வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்து, யார் தோணி எங்கே நிற்கிறது, செசிலிக்கு இன்றைக்குக் கஞ்சி கொண்டுபோகிற முறை யாருடையது எல்லாம் வெளியே வந்தது.

திரும்பிப் பார்த்தால் செயலாளரும் சென்னைப் பெரிய மனிதரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் பெரிய மனிதர்.

"வருகைப் பதிவு எடுக்கிறோம் ஐயா. இருபத்து நாலு வீட்டில் இருபத்து மூன்று வந்தாயிற்று. ஒன்று ஆஸ்பத்திரியில்" என்றேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று தெரியவில்லை. கண்ணாடியில் தண்ணீர். எனக்கு ஒரு மெமோ வந்தது. வேலை போகவில்லை, சண்டையை எந்தத் தலைப்பில் ஃபைல் செய்வது என்று செயலாளருக்குப் பிடிபடவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு எந்த ஊரில் எந்தப் பழக்கத்தைப் பார்த்து எனக்குக் கை அரித்தாலும், இது யாரை யாரோடு கட்டி வைத்திருக்கிறது என்று முதலில் நாலு பேரிடம் கேட்டுக்கொள்வேன். நீங்களும் கேளுங்கள். நல்ல மனசு எங்கேயும் ஓடிப்போகாது, அது காத்திருக்கும்.

அந்தச் சண்டைக்குப் பிறகு என் குடமும் தினமும் வரிசையில் நின்றது. செசிலிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அதற்குச் சில மாதம் கழித்து என் தங்கை கல்யாணத்துக்காக ஆறுமுகநேரிக்குப் போய்விட்டு, தெருவே பார்க்க அலுத்துச் சலித்துத் திரும்பி வந்தேன். மறுநாள் காலையில் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ உடைக்கிறார்கள். பத்துப் பதினைந்து பெண்களின் குரல், எல்லாவற்றுக்கும் மேலே நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல். அடித்துப் பிடித்துக் கதவைத் திறந்தேன். முன்னால் செசிலி நின்றாள், இடுப்பில் பிள்ளை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சண்டை போடுகிறவளுக்கு வருகிற மாதிரி அவள் முகம் சிவந்திருந்தது.

"ஏளா! ஒங் கொடத்தக் காணோம். என்னாச்சோ ஏதாச்சோன்னு எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. உசிரோட இருக்கியா இல்லியாளா?"

"இருக்கேன்" என்றேன்.

"இருந்தா வந்து நிக்க வேண்டியதுதான?" என்று அவள் கத்தினாள். கத்திவிட்டு, பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.